பூட்டி வச்ச வீடு பத்திரமா இருக்கா? தமிழ்நாட்டுல வாடகைக்கு விட பயப்படுற ஓனர்களுக்கு

எங்க அத்தை வீடு குரோம்பேட்டையில இருக்கு. மாமா தவறினதுக்கு அப்புறம் அத்தை பையன் கூட பெங்களூர் போயிட்டாங்க, வீட்டை நாலு வருஷம் பூட்டியே போட்டு வச்சிருந்தாங்க. ஏன் அத்தை வாடகைக்கு விடலாம்லன்னு எப்ப கேட்டாலும் ஒரே பதில்தான், "எவனாவது வந்து உக்காந்துக்கிட்டு காலி பண்ண மாட்டேன்னு சொன்னா நான் எந்தக் கோர்ட்டுக்குடா அலையறது, பூட்டி இருந்தா வீடாவது நம்மகிட்ட இருக்கும்." அவங்க சொல்றதுல நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நாலு வருஷம் கழிச்சு அந்த வீட்டைப் போய்த் திறந்தவன் நான்.

கதவைத் திறந்ததும் முதல்ல வந்தது சாக்கடை நாத்தம். பாத்ரூம் தரையில ஜாலி இருக்குல்ல, அதுக்கு அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அந்தத் தண்ணிதான் கீழ இருக்குற டிரெய்னேஜ் காத்தும் கரப்பான் பூச்சியும் மேல வராம தடுக்குது. ஆள் புழங்காத வீட்டுல சில வாரத்துலயே அது காஞ்சிடும், அப்புறம் குழாய்ல இருக்குறது எல்லாம் வீட்டுக்குள்ளதான். சமையல்கட்டு நிலைக்கதவை விரலால அழுத்துனேன், உள்ள போயிடுச்சு, பெயின்ட் மட்டும் அப்படியே இருக்கு உள்ள மரமே இல்ல, மொத்தமும் கரையான். மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டையை இலை அடைச்சு ஒவ்வொரு மழைக்கும் குளம் மாதிரி நின்னு ஹால் சீலிங் ஊறி கம்பி வெளிய தெரியுது. சன்ஷேடுல ஒரு அரசஞ்செடி, வேர் சுவத்துக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கொத்தனார் கொத்திப் பாத்துதான் சொன்னாரு. மோட்டார் ஜாம். எல்லாம் சேத்து ரெண்டே கால் லட்சம் ஆச்சு, நாலு வருஷ வாடகை போனது தனி.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். பயம் தப்பில்ல, ஆனா பூட்டி வைக்கிறதுதான் பாதுகாப்புன்னு நினைக்கிறோமே அது தப்பு, அதுவும் சட்டப்படி பாத்தா இன்னும் தப்பு. அது ஏன்னு புரியணும்னா இந்தப் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும்.

நம்ம அப்பா தாத்தா காலத்து ஓனர்கள் பாத்தது 1960-ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுக்கு வேர் இன்னும் பின்னாடி இருக்கு, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல மெட்ராஸ்ல வீட்டுக்குத் தட்டுப்பாடு, அப்ப குடியிருக்கிறவங்களைக் காப்பாத்த வந்த கட்டுப்பாடுகள்தான் அப்புறம் சட்டமா நின்னுச்சு. அந்த நேரத்துக்கு அது தேவையாவும் இருந்துச்சு. ஆனா அந்தச் சட்டத்துல ஒருத்தரை காலி பண்ண வைக்கணும்னா அக்ரிமென்ட் முடிஞ்சு போச்சுன்னு சொன்னா பத்தாது, சட்டம் சொல்ற காரணங்கள்ல ஒண்ணை நீங்க நிரூபிக்கணும், ரென்ட் கன்ட்ரோலர் கோர்ட், அப்புறம் அப்பீல், அப்புறம் ஹைகோர்ட்டுன்னு வருஷக்கணக்குல இழுக்கும், அதுக்குள்ள கேஸ் போட்டவரே போய்ச் சேந்திருப்பாரு, பையன் வந்து கேஸை நடத்துவான். ஊர்ல ஒவ்வொரு குடும்பத்துலயும் இப்படி ஒரு கதை இருக்கு, அந்தக் கதைதான் அத்தை வாயில "எந்தக் கோர்ட்டுக்குடா அலையறது"ன்னு வருது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள பயம் இல்ல. 2011 சென்சஸ்ல நாடு முழுக்க நகரங்கள்ல மட்டும் காலியா கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி, 2001-ல அது 65 லட்சம் கிட்டதான் இருந்துச்சு. ஒரு பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்காம அலையறவங்க, இன்னொரு பக்கம் இவ்வளவு வீடு பூட்டிக் கிடக்கு. 2017-18 மத்திய அரசோட பொருளாதார ஆய்வறிக்கை இதைப் பத்தியே பேசுச்சு, அவங்க சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அத்தை சொன்னதுதான், போட்ட ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது, சொத்து உரிமையில தெளிவு இல்ல, வர்ற வாடகையும் கம்மி.

ஆனா நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அந்த 1960 சட்டம் இப்ப இல்ல. 2017-ல புதுசா ஒரு சட்டம் கொண்டு வந்து 2019 பிப்ரவரி 22-ல இருந்து அமல்ல இருக்கு, சுருக்கமா ஓனர் வாடகைதாரர் உரிமை பொறுப்புச் சட்டம்னு வச்சுக்கோங்க. இதுல அடிப்படையே மாறிடுச்சு, நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட அக்ரிமென்ட்தான் மையம். வாடகை எவ்வளவுன்னு சட்டம் சொல்லாது, அக்ரிமென்ட் சொல்லும். ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு, நீங்க நோட்டீஸ் கொடுத்து ஒரு மாசத்துக்குள்ளயும் கட்டலன்னா காலி பண்ணச் சொல்லி ரென்ட் கோர்ட்டுக்குப் போகலாம். உங்க சம்மதம் எழுத்துல இல்லாம உள்வாடகைக்கு விட்டா அதுவும் காரணம். காலம் முடிஞ்சும் போகாம உக்காந்திருந்தா மாச வாடகையில ரெண்டு மடங்கு கேக்கலாம்.

இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, அதுலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், அதை ரென்ட் அத்தாரிட்டி கிட்ட, அதாவது வாடகை அக்ரிமென்ட்டைப் பதியறதுக்குன்னு இந்தச் சட்டத்துல அரசு வச்சிருக்கிற அதிகாரி கிட்ட, பதியணும். அதுக்குன்னு அரசு வெப்சைட் இருக்கு, ஆன்லைன்லயே பதிஞ்சா ஒரு பதிவு நம்பர் கொடுப்பாங்க. நம்ம பழக்கம் என்ன, ஒரு முத்திரைப் பத்திரம் வாங்கி பதினோரு மாசம்னு டைப் அடிச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பீரோல வச்சிடுறது. பதினோரு மாசம் எதுக்குன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, ஒரு வருஷத்துக்கு மேல லீஸ்னா 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியே ஆகணும், அந்தச் செலவை தவிர்க்க வந்த பழக்கம் அது. சார்பதிவாளர் விஷயத்துக்கு அது சரி, ஆனா ரென்ட் அத்தாரிட்டி பதிவு வேற, பதினோரு மாசம்னாலும் அதைப் பண்ணணும். இதைப் பண்ணாம விட்டுட்டு நாளைக்குப் பிரச்சனை வந்து நின்னா புதுச் சட்டத்தோட வேகம் உங்களுக்குக் கிடைக்காம போகலாம்.

இப்ப அந்த 12 வருஷ கதைக்கு வர்றேன். "பன்னெண்டு வருஷம் தொடர்ந்து குடியிருந்தா வீடு அவனுக்கே சொந்தம்"னு டீக்கடையில இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க. இது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. 1963 காலவரையறைச் சட்டத்துல 12 வருஷம்னு இருக்கிறது உண்மை, ஆனா அது யாருக்குன்னா, உங்க அனுமதி இல்லாம, உங்க உரிமையை மறுத்து, இது என்னோட இடம்னு வெளிப்படையா உக்காந்திருக்கிறவனுக்கு. வாடகைதாரர் உங்க அனுமதியோட வந்தவரு, மாசாமாசம் வாடகை கொடுக்கிறதே நீங்கதான் ஓனர்னு ஒத்துக்கிற மாதிரி, வாடகைக்கு வந்தவரு உள்ள உக்காந்துக்கிட்டே "நீ ஓனரே இல்ல"ன்னு சொல்ல சாட்சியச் சட்டமே விடாது. வீட்டைப் பாத்துக்கோன்னு விட்ட வாட்ச்மேன், உறவுக்காரங்க விஷயத்துலயும் 2012-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, எத்தனை வருஷம் இருந்தாலும் பாதுகாவலரா இருந்தவருக்கு சொத்துல உரிமை வராதுன்னு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அனுமதியோட உள்ள இருக்கிறவனுக்கு 12 வருஷம் ஓடாது. அனுமதி இல்லாம பூட்டை உடைச்சு உள்ள போனவனுக்கு, காம்பவுண்டை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கிட்ட பக்கத்து வீட்டுக்காரனுக்கு, பின்பக்க காலி இடத்துல ஷெட் போட்டவனுக்குத்தான் அந்தக் கடிகாரம் ஓடும். அது எந்த வீட்டுல நடக்கும், ஆள் இருக்கிற வீட்டுலயா பூட்டிக் கிடக்கிற வீட்டுலயா? அக்ரிமென்ட் போட்டு பேங்க்ல வாடகை வாங்குற ஒவ்வொரு மாசமும் இது உங்க வீடுன்னு ஒரு ஆதாரம் சேருது. பூட்டி வச்ச வீட்டுக்கு அப்படி எதுவும் சேராது. இதை அத்தைக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு.

சரி காசு விஷயம். 60 லட்சம் பெறுமான வீட்டுக்கு மாசம் 15,000 வாடகைன்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 1,80,000, மூணு பர்சென்ட். பேங்க்ல போட்டாலே இதை விட அதிகம் வருமேன்னு தோணும், உண்மைதான், ஆனா நீங்க வீட்டை விக்கப் போறது இல்லையே, அப்போ நீங்க ஒப்பிட வேண்டியது இந்த மூணு பர்சென்டையும் பூஜ்யத்தையும், பூஜ்யம் கூட இல்ல, சொத்து வரி, மெயின்டனன்ஸ், ரிப்பேர்னு கையில இருந்து போற மைனஸையும்.

இதுல பயந்த ஓனரும் பேராசை ஓனரும் ஒரே இடத்துல தப்பு பண்றாங்க. ஏரியா ரேட் 15,000-ன்னா 17,000 வந்தாத்தான் விடுவேன்னு போர்டு மாட்டி உக்காந்திருப்பாங்க. ரெண்டு மாசம் காலியா இருந்து 17,000-க்குப் போச்சுன்னா அந்த வருஷம் கையில வந்தது பத்து மாசம், 1,70,000. முதல் வாரமே 15,000-க்கு விட்டிருந்தா 1,80,000. அதை விட முக்கியமா, ரேட்டை ஒரு ஆயிரம் குறைச்சு சொன்னா பத்து குடும்பம் வந்து பாக்கும், அந்தப் பத்துல உங்களுக்குப் பிடிச்சவங்களை நீங்க தேர்ந்தெடுக்கலாம். கூட்டிச் சொன்னா ஒரே ஒருத்தர் வருவாரு, அவரு யாரா இருந்தாலும் தலையாட்டணும். எச்சரிக்கையான ஓனருக்கு அந்த ஆயிரம் ரூபா நஷ்டமே இல்ல, தேர்ந்தெடுக்கிற உரிமைக்குக் கொடுக்கிற விலை அது. போர்டு மாட்டுற நேரமும் முக்கியம், ஸ்கூல் லீவு விடுற ஏப்ரல் மே தான் குடும்பங்க வீடு மாறுற காலம், ஆடியிலயும் மார்கழியிலயும் போர்டு மாட்டுனா நல்ல குடும்பங்க வர்றது குறைவு, அந்த நேரத்துல வர்றவங்க பெரும்பாலும் ஏதோ ஒரு அவசரத்துல வர்றவங்க, அந்த அவசரம் என்னன்னு கேக்காம விடாதீங்க.

அட்வான்ஸ் பத்தி எனக்கு கடுமையான கருத்து இருக்கு. சென்னையில பத்து மாச அட்வான்ஸ்ங்கிறது ரொம்ப நாள் பழக்கம், புதுச் சட்டம் மூணு மாச வாடகைன்னு அளவு சொல்லுது. ஓனருங்க நினைக்கிறாங்க பெரிய அட்வான்ஸ் வாங்குனா பாதுகாப்புன்னு. நான் பாத்த வரைக்கும் பெரிய அட்வான்ஸ் கட்டிப் போடுறது ஓனரைத்தான். ஒன்றரை லட்சம் வாங்குறீங்க, அது பொண்ணு ஃபீஸுக்கோ மாடி கட்டவோ போயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு வாடகைதாரர் சரியில்லை, காலி பண்ணச் சொல்லணும், அவரு சொல்வாரு "அட்வான்ஸை கொடுங்க சார் நாளைக்கே போறேன்", உங்க கையில காசு இல்ல. அடுத்த ஆளு வந்து அட்வான்ஸ் கொடுத்தாத்தான் இவருக்குக் கொடுக்க முடியும், இவரு போனாத்தான் அடுத்த ஆளு வர முடியும். காலி பண்ண மாட்டேங்குறான்னு புலம்புற வீடுகள்ல எத்தனையோ வீட்டுல உண்மையான பிரச்சனை இதுதான். மூணு மாசம் வாங்குங்க, தனி அக்கவுன்ட்ல போடுங்க, தொடாதீங்க, அது உங்க காசு இல்ல.

இதோட பெரிய அண்ணன்தான் ஒத்தி, போக்கியம், சென்னையில லீஸ்னு சொல்றது. மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கிட்டு ரெண்டு மூணு வருஷம் வாடகை இல்லாம விடுறது, கடைசியில மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்கணும். 10 லட்சம் வாங்கி 7 பர்சென்ட் டெபாசிட்ல போட்டா வருஷம் 70,000, மாசத்துக்கு 5,800 சொச்சம்தான் வருது, அதே வீடு வாடகைக்கு 12,000 போகும்னா ஒத்தி உங்களுக்கு நஷ்டம். அப்புறம் ஏன் விடுறாங்கன்னா மொத்தக் காசு தேவைப்படுது, அதாவது அது வருமானம் இல்ல, கடன். வீட்டை அடமானம் வச்சு வாங்குற கடன். திருப்பிக் கொடுக்க வழி இல்லாம ஒத்தியைப் புதுப்பிச்சுக்கிட்டே போய் கடைசியில அந்த ஆளுக்கே வித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பயந்த சுபாவம்னா இந்தப் பக்கமே போகாதீங்க.

யாருக்கு விடுறதுங்கிறதுதான் முழு விஷயத்துலயும் முக்கால்வாசி. சட்டம் எவ்வளவு வேகமா மாறினாலும் கோர்ட் கோர்ட்தான், நல்ல ஆளா பாத்து விட்டா அங்க போகவே வேண்டாம். நான் பாக்குறது மூணு நாலு விஷயம். சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வாடகை போகுதுன்னா எவ்வளவு நல்லவரா இருந்தாலும் ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா உங்க வாடகைதான் முதல்ல நிக்கும். குழந்தைங்க பக்கத்துல படிக்குதா, ஆபீஸ் கிட்ட இருக்கா, அப்படி இருந்தா அவங்க சீக்கிரம் மாற மாட்டாங்க. அப்புறம் விசாரிக்கிறது. எல்லாரும் இப்ப இருக்கிற ஓனர் நம்பர் வாங்கி போன் பண்ணுவாங்க, அதுல ஒரு சிக்கல் இருக்கு, இப்ப இருக்கிற ஓனருக்கு ஆள் போனா போதும்னு இருந்தா "தங்கமான குடும்பம் சார்"னு சொல்லிடுவாரு. அதுக்கு முந்தின ஓனர்கிட்ட கேளுங்க, அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்ல, உள்ளதைச் சொல்வாரு. முடிஞ்சா ஏதாவது சாக்கு வச்சு அவங்க இப்ப இருக்கிற வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாங்க, வீட்டை எப்படி வச்சிருக்காங்கன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இதைச் சொல்லியே ஆகணும். சாதி கேக்குறது, மதம் கேக்குறது, கறி சாப்பிடுவீங்களான்னு கேக்குறது, தனியா இருக்கிற பொண்ணுக்கு கொடுக்க மாட்டேங்குறது, இதெல்லாம் பாதுகாப்புன்னு நினைச்சுத்தான் நிறைய ஓனர் பண்றாங்க. வாடகை ஒழுங்கா வருமா, வீட்டை நல்லா வச்சுக்குவாங்களாங்கிறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனுஷங்களை அவமானப்படுத்துறது ஒரு பக்கம், நல்ல வாடகைதாரர்ல பாதிப் பேரை வாசல்லயே திருப்பி அனுப்புறீங்க. அத்தை வீட்டுல இப்ப இருக்கிறது கணவர் இல்லாம ரெண்டு குழந்தைங்களோட இருக்கிற ஒரு டீச்சர், அதுக்கு முன்னாடி பதினாலு வீடு பாத்திருக்காங்க, தனியாவா இருக்கீங்கன்னு கேட்டே திருப்பி அனுப்பியிருக்காங்க. மூணு வருஷத்துல அஞ்சாம் தேதி தாண்டி ஒரு மாசம் கூட வாடகை வந்தது இல்ல.

சாவி கொடுக்கிற அன்னிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வாடகைதாரரையும் கூட வச்சுக்கிட்டே போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு ரூம் ரூமா நடங்க, ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, எந்த டைல் ஏற்கனவே விரிசல், எந்தக் குழாய் சொட்டுது, இபி மீட்டர் ரீடிங், சாவி எத்தனை செட். அந்த வீடியோவை அங்கயே அவருக்கும் அனுப்பிடுங்க. பின்னாடி "இது நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு"ங்கிற சண்டையே வராது, அவருக்கும் அது பாதுகாப்பு. வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பீங்கன்னு அப்பவே அக்ரிமென்ட்ல எழுதிடுங்க, பிரியும்போது சண்டை வர்றதே இதுலதான். ஒரு ரூமை மட்டும் பூட்டி உங்க பழைய சாமானைப் போட்டு வைக்காதீங்க, அதைச் சாக்கு வச்சு நீங்க போய்ட்டு வந்துட்டு இருப்பீங்க, அவங்களுக்கு அது தொல்லை, உள்ள கரையான் வந்தா உங்களுக்கும் தெரியாது. வீட்டைப் பாக்கணும்னா ஒரு நாள் முன்னாடி எழுதிச் சொல்லிட்டுப் போங்க, சட்டமும் 24 மணி நேரம்னுதான் சொல்லுது. வாடகைதாரர் விவரத்தை போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்து ஒரு ரசீது வாங்கி வச்சுக்கோங்க, சென்னையில 2012-லயே அப்படி உத்தரவு போட்டாங்க.

என்ன சண்டை வந்தாலும் தண்ணியை, கரண்டை நிறுத்தாதீங்க. கோவத்துல நிறைய பேர் பண்றது இது, புதுச் சட்டத்துல அது நேரடியா தப்பு, நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் கேஸ்ல நீங்கதான் குற்றவாளி மாதிரி நிப்பீங்க. இபி விஷயத்துல இன்னொண்ணு, பில் பாக்கி இருந்தா அது அந்தக் கனெக்ஷன் மேல நிக்கும், கனெக்ஷன் உங்க பேர்ல, அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கட்டியாச்சான்னு நீங்களே ஆன்லைன்ல பாத்துக்கோங்க. வீட்டு கனெக்ஷனை வச்சுக்கிட்டு உள்ள டெய்லரிங் யூனிட்டோ குடோனோ நடத்துனாலும் டேரிஃப் மாத்திப் போடுற பில் உங்க பேருக்குத்தான் வரும்.

வரி. வாடகையை பேங்க்ல வாங்குனா டாக்ஸ் வந்துடுமேன்னு கையில வாங்குறவங்க இருக்காங்க, அந்த பேங்க் என்ட்ரிதான் உங்க ஆதாரம்னு மேலயே சொன்னேன். டாக்ஸும் அவ்வளவு பயங்கரம் இல்ல, 1,80,000 வாடகையில நீங்க கட்டுன சொத்து வரி ஒரு 6,000-ன்னு வச்சா அது போயிடும், மிச்சத்துல 30 பர்சென்ட் நீங்க ஒரு ரூபா செலவு பண்ணாம இருந்தாலும் கழிச்சுக்கலாம், ஆக 1,21,800-க்குத்தான் கணக்கு. வெளிநாட்டுல இருக்கிற ஓனருக்குத்தான் ஒரு சிக்கல், என்ஆர்ஐ ஓனருக்கு வாடகை கொடுக்கிறவங்க 30 பர்சென்டும் செஸ்ஸும் சேத்து டிடிஎஸ் பிடிச்சுக் கட்டிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கணும், வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும். நிறைய வாடகைதாரர்களுக்கு இது தெரியவே தெரியாது, முன்னாடியே சொல்லி ஆடிட்டர் ஒருத்தரை ஏற்பாடு பண்ணிக் கொடுக்கிறது உங்க கடமைன்னு நான் நினைக்கிறேன்.

வெளியூர்ல இருக்கிறவங்க யாருக்காவது பவர் கொடுத்துத்தான் ஆகணும். அங்க கஞ்சத்தனமா இருங்க. ஜெனரல் பவர்னு எல்லாத்தையும் எழுதிக் கொடுக்காம, வாடகைக்கு விட, வாடகை வாங்க, வரி கட்ட, ரிப்பேர் பாக்கன்னு மட்டும் ஸ்பெஷல் பவர் போடுங்க, விக்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லன்னு அதுலயே எழுதுங்க. ஒரிஜினல் பத்திரம் யார் கைக்கும் போக வேண்டாம், புரோக்கருக்கு ஜெராக்ஸ் கூட வேண்டாம், சொத்து வரி ரசீது போதும். பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் இலவசமாவே பாக்கலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க சர்வே நம்பரைப் போட்டுப் பாருங்க, உங்களுக்குத் தெரியாம ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தா அங்க தெரியும்.

ஆன்லைன்ல வீட்டைப் போட்டதும் முதல்ல வர்றது பெரும்பாலும் மோசடி போன்தான், எனக்கே வந்துச்சு. ராணுவ அதிகாரின்னு சொன்னாரு, டிரான்ஸ்ஃபர்ல வர்றேன், வீட்டைப் பாக்கவே வேண்டாம் போட்டோவே பிடிச்சிருக்கு, இப்பவே அட்வான்ஸ் அனுப்புறேன்னு ஒரு க்யூஆர் கோடு அனுப்பினாரு, இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க பணம் வந்துடும்னாரு. பணம் வாங்குறதுக்கு யுபிஐல பின் போடவே தேவையில்ல, பின் போட்டா போறது உங்க காசு. வீட்டைப் பாக்காம ஓகே சொல்றவங்க யாரா இருந்தாலும் போனை வச்சிடுங்க. மொட்டை மாடியில டவர் வைக்கிறோம், மாசம் அம்பதாயிரம், முன்பணம் மட்டும் கட்டுங்கன்னு வர்ற மெசேஜும் இதே ரகம், உங்க இடத்துக்கு வாடகை தர வர்ற கம்பெனி உங்ககிட்ட காசு கேக்காது.

சுற்றுலா ஊர்ல வீடு இருந்தா நாள் வாடகைக்கு விடலாமேன்னு கேப்பாங்க. காரைக்குடி பக்கம் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகள் சிலது ஹோட்டலா மாறி நல்லா நடக்குது, ஆனா அதுக்குப் பின்னாடி முழுநேரம் நிக்கிற ஆள் இருக்காங்க. தினம் ஒருத்தர் வருவாங்க, துணி துவைக்கணும், வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்கணும், ராத்திரி பதினோரு மணிக்கு ஏசி ஓடலன்னு போன் வரும். ஊர்ல நம்பிக்கையான ஆள் இல்லாத ஓனருக்கு இது சரிப்படாது. வாடகையே வேண்டாம், சும்மா இருந்து வீட்டைப் பாத்துக்கோங்கன்னு தெரிஞ்சவங்களை விடுறதும் சிலர் செய்றது, செய்யுங்க, ஆனா அதுக்கும் ஒரு பேப்பர் எழுதுங்க, உறவுக்காரங்களா இருந்தா கட்டாயம் எழுதுங்க. கோர்ட் பாதுகாவலருக்கு உரிமை இல்லன்னு சொல்லும், ஆனா அவரு பாதுகாவலராத்தான் வந்தாருன்னு காட்ட வேண்டியது நீங்க.

போன மாசம் டீச்சர் போன் பண்ணாங்க, பையனுக்கு கோயம்புத்தூர்ல காலேஜ் கிடைச்சிருக்கு, நாங்க அங்கயே மாறப் போறோம், ரெண்டு மாசம் டைம் சொல்றேன்னு. அத்தைகிட்ட சொன்னேன். அட்வான்ஸ் 45,000 பேங்க்ல அப்படியே இருக்குல்லன்னு கேட்டாங்க, இருக்குன்னேன். அப்ப சாவி வாங்குற அன்னிக்கே கொடுத்துடு, அந்தப் பொண்ணை அலைய விடாத, அப்படியே பாத்ரூம் ஜாலியில தண்ணி ஊத்திட்டு வான்னாங்க.